கதிர்க்கை மாஸ்டரின் முதுகு

செட்டிபாளையத்தில், வாவிக்கரை ஓரமாக ஒரு தகரக் கொட்டில். விடிந்ததிலிருந்து அதன் வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. மீன் மலிவாக வந்திருக்கிறதோ, நிவாரணம் கொடுக்கிறார்களோ என்று நினைத்துவிடாதீர்கள். கதிர்க்கை மாஸ்டர் குப்புறப் படுத்துவிட்டார்! அதற்குத்தான் இத்தனை பரபரப்பு.

மாஸ்டரின் தொழிலே குப்புறப் படுப்பதுதான்.

பாசிக்குடாவில் ஹோட்டல்கள் பெருகின. கடலில் குளித்துவிட்டு வரும் வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிட ஆள் தேவைப்பட்டது. மாலைதீவிலும் கட்டாரிலும் ஆண்களுக்கு இந்த வேலையில் நல்ல சம்பளம் என்று செய்தி பரவியது. "ஆம்பிளைக்கு மசாஜ் ஒரு தொழிலா?" என்று சிரித்த ஊர், சம்பளத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. இளைஞர்கள் பயிற்சி வகுப்புகளுக்கு ஓடினார்கள்.

நாலு பேர் உழைக்கக் கிளம்பினால், அவர்களை வைத்துப் பிழைக்க ஒருவர் கிளம்ப வேண்டாமா? கதிர்காமத்தம்பி கிளம்பினார். முன்பு இறால் பண்ணை வைத்து நட்டப்பட்டவர். இறால்கள் ஏமாறவில்லை, மனிதர்களிடம் வந்தார். பெயரைக் கதிர்க்கை மாஸ்டர் என்று மாற்றிக்கொண்டார். எவரும் கோபிக்காதபடி எல்லா மதத்துப் படங்களையும் சுவரில் மாட்டினார்.

அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஒரு கதிர் ஓடுகிறது. பொன்கை தொட்டால் நோய் போகும். நச்சுக்கை தொட்டால் ஆளே போய்விடுவார். எந்தக் கை எது என்று அறிய, வந்தவன் மாஸ்டரின் முதுகை நன்றாக அமத்திப் பிடிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். பகல் முழுக்க முதுகுக்குச் சுகம். பிடித்துவிட்டவனே பணமும் கொடுத்துவிட்டுப் போவான். இப்படியொரு ஆராய்ச்சி உலகத்தில் வேறெங்கே நடக்கும்?

பாசிக்குடாவில் ஹோட்டல் வைத்திருந்த றவூப் முதலாளிக்கும் இதில் நம்பிக்கை பிறந்தது. "செட்டிபாளையத்தில பொன்கை எண்டு சொன்னாத்தான் இஞ்ச வேலை" என்று அறிவித்துவிட்டார். படித்துப் பெற்ற சான்றிதழ்கள் வீட்டு அலுமாரிக்குள் தூங்கின.

யதுர்ஷன் அந்தக் கொட்டிலுக்குப் போனது அப்படித்தான். தொழிலை முறையாகப் படித்தவன். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளவன். வாசலில் நின்ற மாஸ்டரின் மச்சான் விஜிதரன், "கதிர்ச் சுத்திக்குக் காணிக்கை?" என்று கேட்டான். யதுர்ஷனிடம் இருந்தது பஸ்சுக்கு மட்டும்தான். உள்ளே போய் மாஸ்டரின் முதுகில் கை வைத்தான். கூடவே வந்து பக்கத்தில் நின்ற விஜிதரன் பூசை மணியை விடாமல் கிலுகிலுவென்று ஆட்டினான்.

மாஸ்டர் துள்ளினார். "நச்சு! கையை எடு மனே! இந்தக் கை தொட்ட ஆரும் பிழைக்க மாட்டாங்க!"

செய்தி அவனுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் புஸ்பம் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"குறை நினையாதீங்க மருமகன். புள்ளையை மட்டும் தூக்காதீங்க."

குழந்தை அப்பாவிடம் தாவியது. அவன் கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டு பின்னுக்குப் போனான். அதைப் பார்த்த அவன் மனைவி மேனுகாவுக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது. அவள் காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றில் விற்பனைப்பெண். எந்தப் பொய்யை எந்தச் சிரிப்போடு விற்கிறார்கள் என்று அறிந்தவள்.

அடுத்த லீவு நாளில் கொட்டிலுக்குப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தாள். திரும்பி வந்து புருசனைக் கேட்டாள்:

"காணிக்கை குடுத்தவனுக்கு மணி ஒருக்கா அடிக்குது. குடுக்காதவனுக்கு நிக்காம அடிக்குது. நீங்க கவனிக்கல்லியா?"

"அவர் கண்ணை மூடிக்கிட்டுத்தானே படுத்திருந்தார், மேனுகா?"

"கண்ணைத்தானே மூடினார். காதை மூடல்லியே!"

யதுர்ஷனின் கைகள் கக்கத்திலிருந்து வெளியே வந்தன.

புதிய மசாஜ் பகுதிக்கு ஆள் எடுக்க றவூப் முதலாளி மாஸ்டரை ஹோட்டலுக்கே அழைத்த நாளில், வேலை தேடுவோரும் வேடிக்கை பார்ப்போரும் நிறைந்துவிட்டார்கள். புஸ்பமும் குழந்தையோடு வந்திருந்தாள். மருமகன் கைக்கு ஏதும் பரிகாரம் உண்டா என்று கேட்க வேண்டுமாம்! மாஸ்டர் மசாஜ் மேசையில் ஏறிப் படுத்து, அதிலிருந்த துளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மேனுகா முன்னுக்கு வந்தாள். "முதலாளி, ஒரேயொரு ஆசை. இண்டைக்கு மணி இல்லாமப் பாப்பம். ஆர் தொடுறது எண்டும் ஆரும் சொல்லப்படாது."

"மணி இல்லாட்டிக் கதிர் குழம்பும்!" என்றது துளைக்குள்ளிருந்து ஒரு குரல்.

றவூப் வியாபாரி. "சாமான் நல்லதெண்டா பிரிச்சுக் காட்டுறதில என்ன பயம், மாஸ்டர்? விஜிதரன், நீங்க போய்த் தேத்தண்ணி குடிங்க" என்றார். மணியும் அவனோடு வெளியே போனது.

முதலில் ஹில்மி என்ற இளைஞன் போனான். போன வாரம்தான் காணிக்கை கொடுத்துப் பொன்கை ஆனவன். அவன் அமத்தினான். மாஸ்டர் காத்திருந்தார். மணி வரவில்லை.

"ம்... நச்சு. கொடிய நச்சு!"

"அல்லாஹ்! போன கிழமை பொன் எண்டீங்களே!" என்று ஹில்மி கத்த வாயெடுத்தான். மேனுகா விரலை உதட்டில் வைத்தாள்.

அடுத்து, குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு தாயையே மேசைப்பக்கம் தள்ளினாள். புஸ்பம் பயபக்தியோடு மாஸ்டரின் தோளைப் பிடித்தாள். நெல் குத்திப் பழகிய கை.

"நல்ல ஆம்பிளைக் கை. இந்தத் தம்பி கட்டாருக்குப் போவான்!"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. கட்டாருக்குப் போகவேண்டிய தம்பி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு யதுர்ஷன் போனான். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கினான். பெருவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மெதுவாக இறங்கினான். இறுகிக் கிடந்த இடத்தில் நின்றான், அமத்தினான், விட்டான்.

"ஆ...!" என்றார் மாஸ்டர். "அதுதான் மனே, அந்த இடம்தான். இன்னும் கொஞ்சம் கீழ... ஆஹா. எத்தனை மாசத்து உளைவு! முதலாளி, இதுதான் பொன்கை. இந்தப் பொடியனை விட்டுராதீங்க!"

"ஆளை ஒருக்காப் பாருங்களேன், மாஸ்டர்" என்றாள் மேனுகா.

மாஸ்டர் தலையைத் தூக்கினார். பார்த்தார். தலையை மறுபடி துளைக்குள் விட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அங்கே எழுந்த சத்தத்தை விவரிக்கத் தேவையில்லை. "ஏசிக் குளிரில கதிர் மாறிப் போயிட்டு!" என்று மாஸ்டர் சொன்னதை எவரும் கேட்கவில்லை. ஹில்மி காணிக்கையைத் திருப்பிக் கேட்டான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தேத்தண்ணி குடிக்கப் போன விஜிதரன் அதற்குள் பஸ் ஏறிவிட்டான். சட்டையைக்கூட மாட்டாமல், முதுகில் எண்ணெய் மினுங்க, மாஸ்டர் கடற்கரையோரமாக ஓடினார். நன்றாகவே ஓடினார். யதுர்ஷனின் மசாஜ் அப்படி!

றவூப் முதலாளி தலையைச் சொறிந்தார். "தம்பி, நாளைக்கே வேலைக்கு வாங்க. மத்தவங்கள்ற சான்றிதழையும் இனி நான்தான் பாக்கணும். என்ர புத்தி எங்க போனதோ!"

புஸ்பம் மகளிடமிருந்து குழந்தையை வாங்கி மருமகனிடம் நீட்டினாள்.

"கையெல்லாம் எண்ணெய், மாமி."

"கிடக்கட்டும், பிடிங்க."

அவன் வாங்கினான். குழந்தை அவன் மூக்கைப் பிடித்துக் கிள்ளியது. யதுர்ஷனுக்குக் கண் கலங்கியது. கிள்ளியதால்தான் என்று சொல்லிக்கொண்டான்.

கூட்டம் கலைந்தது. போகும் வழியில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இவன் கள்ளன்தான். ஆனா வாவிக்கு அக்கரையில உள்ளங்கால் பாத்துச் சொல்ற ஆள் ஒருத்தர் இருக்காராமே, அவர் சரியான கெட்டிக்காரராம்!"

ஐயா, கையைக் காட்டி ஏமாந்தது போதாதென்று காலையும் தூக்கிக்கொண்டு புறப்படுகிறீர்களே! தோளுக்கு மேலே ஒன்று இருக்கிறது. அதற்கு எண்ணெய் வைத்தால் மட்டும் போதாது. கொஞ்சம் வேலையும் கொடுங்கள்.