மச்சான் கட்டிப்போட்ட குதிரை

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
14-2-1943

புதுச்சேரியிலிருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் காஸ்பர் அவர்களுக்குத் தோமினிக் எழுதிக்கொண்டது. இங்கே நலம் என்று எழுதுவது வழக்கமாதலால் எழுதுகிறேன். அங்கே நலமா என்று கேட்க இப்போது எனக்குத் தெம்பில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாம் தபாலில் ஆடிவரும் சதுரங்கத்தில், எடுத்த எடுப்பிலேயே உங்கள் மந்திரியைக் கொண்டுவந்து என் குதிரைக்குக் குறுக்கே நிறுத்தினீர்கள். குதிரையை எடுத்தால் பின்னால் நிற்கிற ராணி போச்சு. கிறிஸ்துமஸிலிருந்து நானும் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதோடு விட்டீங்களா? போன கார்டுல நீங்க அடுத்து நகர்த்தற காயை இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா எழுதித் தொலைச்சீங்க. சண்டைக் காலம், பிரெஞ்சுக்காரன் எல்லையைத் தாண்டி வர்ற கார்டு, சும்மா விடுவானா? ஏதோ ரகசியச் சேதின்னு நடுவழியிலே புடிச்சிட்டாங்க. ஏட்டு தாண்டவராயன் அதைக் கையில வெச்சிக்கினு வூட்டுக்கு வந்தது என்னிக்குன்னு நெனைக்கிறீங்க? உங்க தங்கச்சி மக லில்லியைப் பொண்ணு பார்க்க, திண்டிவனத்து மதலைமுத்து தன் பையனைக் கூட்டிக்கினு பெட்ரோல் இல்லாம கரியில ஓடற பஸ்ஸுல வந்து எறங்கி, சொஜ்ஜியில கை வைக்கிற நேரம். "இன்னா சார், குண்டு எங்க போடணும்னு எழுதியிருக்குதா?"ன்னாரு ஏட்டு. நான் பலகையை எடுத்தாந்து காயை அடுக்கி, இது குதிரை, இது மந்திரி, இதாலதான் இது நகர முடியலன்னு சொல்றேன். "நகர முடியாததை ஏன்யா வெச்சிக்கினு இருக்கற?"ங்கறாரு. மதலைமுத்து பலகையையும் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டாரு. சொஜ்ஜி அப்படியே கெடந்துது.

இது தட்டிப்போன மூணாவது எடம் மச்சான். பொண்ணு சொஜ்ஜித் தட்டைத் திரும்ப அடுப்பங்கரைக்கு எடுத்துக்கினு போச்சு. அதைப் பார்த்துத்தான் எனக்கு மனசு ஒடஞ்சு போச்சு. உங்க தங்கச்சி அமலோற்பவம் எங்கிட்ட பேசறதே இல்ல, சோத்தை வெச்சிட்டு செவுத்தைப் பார்த்து "சாப்டலாம்"ங்குது.

ஆகவே ஆட்டத்தில் நான் தோற்றதாகவே எழுதிக்கொள்ளுங்கள். பலகையைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனிமேல் கார்டு எழுதினால் நல்லது கெட்டது மட்டும் எழுதவும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. மாதாவிடம் லில்லிக்காக ஒரு செபமாலை சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
தோமினிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மதலைமுத்து தனியாக வந்து இறங்கினார். அன்றைக்கு எழுந்து போனது ஏட்டைப் பார்த்துப் பயந்து இல்லையாம். "ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அந்த மந்திரியை வெரட்டாம இத்தனை நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? மொதல் தடவை வந்த வூட்டுல சொன்னா மரியாதையா இருக்காதுன்னு போயிட்டேன், அப்புறம் தூக்கமே புடிக்கல" என்கிறார். சம்பந்தம் முடிவாகிவிட்டது, பாஸ்குத் திருநாள் கழித்துக் கல்யாணம். பலகை கீழே இறங்கிவிட்டது. ஆகவே, ராஜா பக்கத்து ஓரச் சிப்பாய் ஒரு கட்டம். பதிலைக் கார்டில் எழுதாமல் ஆளிடம் சொல்லியனுப்பவும். லில்லி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது, மாப்பிள்ளைக்கு இந்த ஆட்டம் தெரியுமான்னு. தெரியாதுன்னாரு மதலைமுத்து. அப்ப சரின்னுட்டுது.