கெஃபிர் திருட்டு: என் தரப்பு விளக்கம்

அன்பிற்குரிய சம்பந்தி நாசிர் அவர்களுக்கு, அஸ்ரெத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் நலம், என் வயிற்றைத் தவிர.

இன்று காலை நிலவரப்படி நான் கைதாகவில்லை. காவல் நிலைய எழுத்தரே இதை உறுதி செய்தார். மணப்பெண்ணின் தகப்பன் சிறையில் இருப்பதாக உங்கள் ஊர்ச் சந்தையில் பரவும் செய்தி தவறு. வழக்கு திருட்டு வழக்கு என்பது மட்டும் சரி.

பல்லில் சீழ் கட்டியதற்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். பல் அடங்கியது, வயிறு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடியும்வரை சபையில் உட்கார முடியுமா என்பதே சந்தேகமாகிவிட்டது. டாக்டர் ஜன்னெத், "புளிச்ச கெஃபிர்ப் பால் குடிச்சுப் பாருங்க மாமா. சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. நூறு வயசு வாழ வைக்கும்னு மட்டும் நீங்க நடத்துற பேப்பர்ல போட்றாதீங்க" என்றாள். எங்கள் வீட்டுக் கெஃபிர் மணிகளோ, சூடான பாலை ஊற்றியதில் செத்துப்போயிருந்தன. ஊற்றியது என் மனைவி. அவள் இதை மறுக்கிறாள்.

பாலை உறைய வைக்கும் அந்த மணிகளை நம் மலையில் யாரும் விற்பதில்லை, கொடுப்பதுமில்லை. கொடுத்தால் வீரியம் போய்விடும், திருடித்தான் வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்து வீட்டு சபியாத் அக்காவும் முறை தவறாமல், "நான் கடைக்குப் போறேன், அடுப்படி ஜன்னல் தாழ்ப்பாள் சரியில்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார். மணி இருந்த பாட்டிலோடு நான் ஜன்னலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தபோது, சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த சார்ஜன்ட் கிரிலோவ் வெளியே இருந்த பாதியைப் பிடித்துவிட்டார்.

நிலையத்தில் அவர் அக்காவிடம், "நீங்க குடுத்தீங்களா, இவர் திருடினாரா?" என்றார்.

"ஐயய்யோ, நான் குடுக்கலப்பா! குடுத்தா என் மணியும் சேர்ந்துல்ல கெட்டுப்போகும்!"

"அப்ப திருட்டு."

"திருட்டுதான். ஆனா மரியாதையாத் திருடினார்."

"அப்படி எழுத இதுல இடமில்லம்மா" என்று சொல்லி, பாட்டிலைச் சாட்சிப் பொருளாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"தினம் பால் ஊத்து. அது செத்துச்சுன்னா உன் மேலதான் கேஸு" என்றார் அக்கா.

வியாழக்கிழமை வழக்கை மூடிவிடுவதாக சார்ஜன்ட் வாக்களித்திருக்கிறார். ஆகவே பயம் வேண்டாம். தங்கள் துணைவியாருக்கு என் சலாம். பிள்ளைகள் இருவரும் நிறைந்து வாழட்டும்.

இப்படிக்கு,
அஸ்ரெத்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது, வழக்கு மூடப்படவில்லை. சாட்சி சாகாமலிருக்க ஊற்றிய பால் வீணாகக் கூடாதென்று சார்ஜன்டே குடித்திருக்கிறார். நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறதாம். இது அவர் கூற்று. டாக்டர் உறுதி செய்யவில்லை. வழக்கை மூடினால் பாட்டிலை அக்காவிடம் திருப்பித் தர வேண்டுமே! மணிதான் சாட்சி, உறைந்த பால் சாட்சியல்ல என்பது அவர் வாதம். அதனால் நானும் காலையில் நிலையத்துக்குப் போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருகிறேன். வயிறு அடங்கி வருகிறது; நிக்காஹுக்கு உட்கார்ந்துவிடுவேன். முடிவு திங்கட்கிழமை தெரியும் என்கிறார்கள். நான் இன்னும் ஒரு வாய்தா கேட்டிருக்கிறேன்.