ஒருக்கா அண்ணையும் பழைய ‘இல்லை’யும்

“உம்மட வீட்டில ஒருத்தரும் படிக்கேல்ல எண்டீர். நீரோ டேட்டாபேஸில கை வைக்கப்போறீர்?” என்று கேட்டவர் ஒருக்கா அண்ணை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அவரைவிடக் கெட்டிக்காரரும் இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. “வைச்சாச்சு அண்ணை” என்றேன்.

எதையும் ஒருக்காத்தான் கேட்பார், ஒருக்காத்தான் சொல்லுவார். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்று “சுகமோ?” என்றார். பிறகு நான் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாலும் கேட்டதில்லை. “அண்டைக்கே கேட்டனான். மாற்றம் எண்டால் நீர்தான் சொல்லோணும்.” மனைவியிடம் விருப்பம் சொன்னதும் கலியாணத்தன்று ஒருக்காத்தானாம்.

இலங்கையில் போர் முடிந்த கோடை அது. முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களில் உறவுகளைத் தேடித் தரும் இணையப் பக்கத்தை, அஜின்கோர்ட்டில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையில் நடத்தினோம். ரொறன்ரோவே ஒன்றாகத் தேடியதில் சேர்வர் மூச்சுத் திணறியது. அண்ணை, டேட்டாபேஸுக்குக் கேள்வியைக் கொண்டுபோகும் டிரைவர் என்ற நிரலையே மாற்றினார். ஒருமுறை கேட்ட கேள்வி திரும்ப வந்தால், டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாமல், நினைவிலிருக்கும் பதிலை அது தானாகவே நீட்டும். பக்கம் பறந்தது. டிரைவருக்கும் அண்ணையின் குணம் வந்துவிட்டது.

மல்வேர்ன் பக்கத்து அன்ரி ஒருவர் வேலைக்குப் போகிற வழியில் தினமும் வந்து தம்பியின் பெயரைத் தேடச் சொல்வார். தினமும் ‘இல்லை’. ஒரு காலை, புதிய பட்டியலை ஏற்றும்போது அந்தப் பெயரை என் கண்ணாலேயே கண்டேன். அன்ரி வந்ததும் தேடினேன். ‘இல்லை’ என்றது.

“அண்ணை, உது பழைய பதில். ‘இல்லை’யையும் நினைவில வைச்சிருக்குது.”

“என்ர டிரைவர் பிழை விடாது.”

“மாற்றம் எண்டால் சொல்லோணும் எண்டது நீங்கள்தானே? பட்டியல் மாறினதை உங்கட டிரைவருக்கு ஆர் சொன்னது?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணை, “என்ன சொன்னனீர்? இன்னொருக்காச் சொல்லும்” என்றார். சொன்னேன். கதிரையை விட்டு எழும்பி எனக்கு இடம் விட்டார்.

பட்டியலில் புதிதாக ஒன்று ஏறினால், பழைய பதில்களை டிரைவர் அக்கணமே எறிந்துவிடும்படி மாற்றினேன். அன்ரி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். தேடினேன். தம்பியின் பெயர் வந்தது, வயதோடு, முகாம் இலக்கத்தோடு.

“இன்னொருக்காத் தேடு பிள்ளை” என்றார் அன்ரி, திரையைத் தடவியபடி. அண்ணைதான் தேடிக் காட்டினார். ஒன்பது தடவை, முகம் சுளிக்காமல்.

அதற்குள் நான் தொலைபேசியை எடுத்திருந்தேன். ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பிப் போனவர்கள் விட்டுச்சென்ற இலக்கங்களில் முதலாவது, டோர்செட் பார்க் பக்கம் ஒரு வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது.