நீர் மட்டும் போதும்

குறிச்சொற்கள் பெருகிவிட்டன என்பதே எங்கள் ஊரான கண்டியின் பொதுமக்கள் குறைகேள் நிலையத்தின் தலையாய குறை. முறைப்பாடுகள் பெருகியது பற்றி அங்கே எவரும் கவலைப்படவில்லை. ஒரு முறைப்பாட்டைக் கணினியில் ஏற்றும்போது, பிறகு தேடி எடுக்க வசதியாக அதற்கு ஒரு பெயரை ஒட்டிவைப்பார்கள். அதுதான் குறிச்சொல். ஒருவர் "நாய்" என்று ஒட்டினால் அடுத்தவர் "நாய்கள்" என்பார், மூன்றாமவர் "தெருநாய்த் தொல்லை" என்பார். இப்படி ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சேர்ந்துவிட்டன.

பணிப்பாளர் தியாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் செயலமர்வை முடித்துக்கொண்டு வந்தார். குறிச்சொல் ஆகக் குறைந்த அலுவலகத்துக்கு விருது உண்டென்றும், அவற்றைப் பாதுகாப்பாக நீக்கச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒருவர் திங்கட்கிழமை வருகிறார் என்றும் அறிவித்தார். திங்களன்று முகவருக்காக ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். பத்து மணியாகியும் ஆளைக் காணவில்லை. முகவர் காலையிலேயே கணினிக்குள் வந்துவிட்டார் என்று எழுதுவினைஞர் பிரேமிளா விளக்கினாள். அவருக்கு வாங்கிய வடையைப் பணிப்பாளரே சாப்பிட வேண்டியதாயிற்று.

முகவரைக் குறை சொல்லக் கூடாது. அந்த அலுவலகத்தில் வேலை தெரிந்தது அது ஒன்றுக்குத்தான். ஒரு குறிச்சொல்லை நீக்கினால் அதன் கீழுள்ள முறைப்பாடுகளைத் தொலையவிடாமல் இன்னொன்றின் கீழ் சேர்த்துவிடும். அதையும் அனுமதி கேட்டுத்தான் செய்யும். "நாய்கள்" "நாய்"க்குள் போயிற்று. "குழி" "வீதி"க்குள் விழுந்தது. பகலுணவுக்குப் பின் திரையில் இப்படி வந்தது: "நீர் நீக்கப்படலாமா?"

பணிப்பாளர் பிரேமிளாவைக் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, இது என்னை 'நீர்' எண்டு கதைக்குது? 'நீங்கள்' எண்டு சொல்லத் தெரியாதோ? அதுவும் நீக்கப்போகுதாம். எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

"இல்ல சார், அது தண்ணியச் சொல்லுது. 'நீர்'னு ஒரு குறிச்சொல் இருக்குங்க."

"தண்ணியெண்டால் தண்ணி எண்டெல்லோ சொல்லும்."

அவரே "இல்லை" என்பதை அழுத்தினார். பிறகு முகவரைச் சாந்தப்படுத்தும் எண்ணத்தில், தங்கள் சித்தப்படி எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைக்கலாம் என்று பணிவாகத் தட்டச்சு செய்தார். பதில் உடனே வந்தது: "அப்படியாயின் நீர் மட்டும் இருந்தால் போதும். மற்ற அனைத்தும் நீக்கப்படலாமா?"

பணிப்பாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். முப்பது வருடச் சேவையில் எந்த மேலதிகாரியும் அவரை இவ்வளவு சரியாக எடைபோட்டதில்லை. பக்கத்து அறையிலிருந்த உதவிப் பணிப்பாளர்கள் இருவரையும் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு "ஆம்" என்பதை அழுத்தினார். உறுதியா என்று முகவர் மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் உறுதி என்றார். அவரைத் திருத்தப்போன கடைசி ஆள் இப்போது களஞ்சிய அறையில் பழைய கோப்புகளோடு இருப்பதால், பிரேமிளா மறுபடி வாய் திறக்கவில்லை.

உதவிப் பணிப்பாளர்கள் மறுநாளும் வேலைக்கு வந்தது அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் குறிச்சொல் ஒன்றே ஒன்றாகிவிட்டது. விருது வந்து அலுமாரியில் ஏறியது.

அந்த மாத அறிக்கையைக் கண்டு கொழும்பு ஆடிப்போனது. கண்டி முழுவதும் நீர், நீர் என்று முறையிட்டிருக்கிறதே. உடனே தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறிகள் அனுப்பப்பட்டன. அடைத்த வடிகானிலிருந்து மழைத்தண்ணீர் கடைக்குள் வருகிறது என்று எழுதியிருந்த மடவளை ரிஸ்மியின் கடை வாசலில் ஐந்நூறு லீட்டர் இறக்கினார்கள். தெருவிளக்கு எட்டு மாதமாக எரியவில்லை என்று எழுதியிருந்த எனக்கு இரண்டு வாளி கிடைத்தது. சாரதி ஒரு தாளை நீட்டினார். நீர் கிடைத்ததா, திருப்தியா என்று அதில் கேட்டிருந்தது. கிடைத்தது உண்மைதானே. கையெழுத்துப் போட்டேன்.

உண்மையிலேயே தண்ணீர் இல்லாதவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் லயம் எனும் வரிசை வீட்டில் இருக்கும் இராஜகுமாரி. தைப்பொங்கலோடு உடைந்த குழாய். கொழுந்து பறிக்கப் போகுமுன் தினமும் கீழே ஓடையிலிருந்து குடத்தில் தூக்கி வருகிறார். எங்களுக்கெல்லாம் ஊற்றியதில் பவுசர் மலையடிவாரத்திலேயே காலியாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்பதில்தான் சிக்கல்.

விளக்கு விஷயமாக நான் மறுபடி அலுவலகம் போன அன்று வரிசையில் இராஜகுமாரி எனக்கு முன்னால் நின்றார்.

"எங்க லயத்துக்கு இன்னும் தண்ணி வரலீங்க சார்."

பணிப்பாளர் திரையை அவர் பக்கம் திருப்பினார். பயனாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் திருப்தி. அதன் கீழே பச்சை எழுத்தில் இருந்ததைப் பணிப்பாளரே வாசித்துக் காட்டினார்: "நீர்: தீர்ந்தது."

"அது எங்களுக்குத் தெரியுங்க," என்றார் இராஜகுமாரி. "திருப்தின்னு கையெழுத்துப் போட்டது யாருங்க?"

பெயர்ப் பட்டியல் வந்தது. அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. என் பக்கம் திரும்பி, ஐயா நீங்களாவது படிச்சுச் சொல்லுங்க என்றார். முதல் இரண்டு பெயரையும் உரக்க வாசித்தேன். மூன்றாவது என்னுடையது. எழுத்துத் தெளிவில்லை என்று சொல்லிவிட்டேன்.