சமையலறைக்கு மேல் ஒரு தலைமறைவு

தலைமறைவாகிவிடுவதென்று புவனேந்திரன் முடிவு செய்தான். பூனாகலைப் பக்கம் போய்விட்டால் பொலிசாரால் ஆயுளுக்கும் தன்னைக் கண்டுபிடிக்க முடியாது என்று மனைவி தவமணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பண்டாரவளை பஸ் நிலையத்தில் பசித்தது. திரும்பி வந்து, சமையலறைக்கு மேலிருந்த பரணில் ஏறிக்கொண்டான்.

குற்றம் பெரிதில்லை. மரக்கறிச் சந்தையில் எடை போடுவதில் தகராறு வந்து, வியாபாரி இந்திரஜித்தின் மேல் ஒரு கோவாவை, முழு முட்டைக்கோசை, எறிந்தான். கன்னத்தில் பட்டிருந்தால் சாதாரணக் காயம். வாயில் பட்டு முன்பல் விழுந்ததால் பாரதூரமான காயம் என்று வழக்கு. தான் கூண்டில் தலைகுனிந்து நிற்பதை அந்த ஓட்டைப்பல்லன் பார்த்துச் சிரிப்பானே என்று நினைத்து வழக்குத் தவணைக்குப் போகவில்லை. அடுத்த தவணைக்கும் போகவில்லை. பிடியாணை வந்தது. ஆளைக் காணவில்லை என்றதும், ஆளின் சொத்தைப் பிடிக்கும்படி கட்டளையும் பிறந்துவிட்டது.

பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது. படுத்தால் உருளைக்கிழங்குச் சாக்கு முதுகில் குத்தும். புரண்டால் பலகை கிறீச்சிடும். கிறீச்சிட்டால் கீழேயிருந்து வீடு கூட்டும் தும்புத்தடியால் ஒரு குத்து வரும்.

"கொஞ்ச நேரம் சும்மா கெடக்க மாட்டீங்களா? ஒங்க வீட்டு எலி இருமுதேன்னு பக்கத்து வீட்டு ரிஸ்கா கேக்குறா."

"அத விடு. சொல்லிக் குடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கா? டிவி?"

"என்னோடது."

"பிரிட்ஜ்?"

"என்னோடது."

"லொறி?"

"அது எப்படிங்க? பதிவுப் புத்தகம் ஒங்க பேர்லல்ல இருக்கு?"

"அழு. பொம்பளை அழுதா புத்தகமெல்லாம் பாக்க மாட்டாங்க."

"லொறி போனா நான் நெசமாவே அழுவேன். நம்ம சோறே அதுலதான் வருது. பேசாம கோட்டுல போய் நின்னா என்ன? பிணைக்கு ரெண்டு பேர் வந்தாப் போதும்னு லோயர் சொல்றாரு."

"இந்திரஜித் முன்னாடியா? என் பொணந்தான் போகும்."

தவமணி ரொட்டிக்கு மாவு பிசையத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பலகை இடுக்கில் கண்ணை வைத்தான். தவமணி அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியாத புருசனின் நினைவு வந்திருக்கும். அவனுக்கு நெஞ்சு இளகியது. கொஞ்ச நேரத்தில் பூனாகலையிலிருந்து அவளுடைய அண்ணன்மார் இருவரும் சப்பாத்துப் போட்டு, தலை படிய வாரி வந்து சேர்ந்தார்கள். சாமான்களுக்குக் காவலாகத்தான் இருக்கும். மச்சான்மாரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருந்தினான்.

அவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, ஜீப் வந்து நின்றது. நீதிமன்றத்திலிருந்து உத்தியோகத்தர் ஒருவரும் ஒரு பொலிஸ்காரரும் உள்ளே வந்தார்கள்.

"எங்கம்மா வீட்டுக்காரர்?"

"ஓடிட்டாருங்க சேர்." அழுகை நன்றாகவே வந்தது. பரணில் புவனேந்திரன் மெச்சிக்கொண்டான்.

"இந்த டிவி யாரோடது?"

"என்னோடது. பெரியண்ணன் வாங்கித் தந்தது."

"பிரிட்ஜ்?"

"சீட்டு எடுத்து நான் வாங்கினதுங்க."

"கட்டில்?"

"எங்கம்மா வீட்டுச் சீரு."

மெச்சிக்கொண்டிருந்தவனுக்கு மெல்ல இருப்புக்கொள்ளாமல் போயிற்று. பொய் சொல்லத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். சாமான் விஷயத்தில் அவள் இன்னும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இந்த வீட்டில் தான் வாங்கிய பொருள் எது என்று தேடினான். ஒன்று அகப்பட்டது.

"செவத்துல இருக்கிற மணிக்கூடு?" என்றார் உத்தியோகத்தர்.

"அது அவரோடதுங்க. வாங்கின நாள்லேருந்து ஓடுறதில்ல."

உத்தியோகத்தர் அதைத் தொடக்கூட இல்லை.

"சரி, வாசல்ல நிக்கிற லொறி?"

அழு, அழு என்று புவனேந்திரன் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தான். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரோடதுதாங்க சேர்."

"அப்ப கொண்டு போறோம்."

"ஒண்ணு கேக்கலாமா சேர்? ஆள் இப்பவே வந்து நின்னா?"

"ஆள் கெடைச்சா லொறி எங்களுக்கு என்னத்துக்கு?"

புவனேந்திரன் மூச்சை அடக்கினான். ஒரு பக்கம் தாலி கட்டியவன், மறுபக்கம் லொறி. பாவம், எப்படித் துடிப்பாள்! ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரமாவது யோசிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் எச்சில் விழுங்கும் நேரம்கூட எடுக்கவில்லை. தும்புத்தடியை எடுத்தாள்.

"அவரோடதுன்னு இந்த வீட்டுல இன்னொண்ணும் இருக்குங்க." பரணைத் தட்டிக் காட்டினாள். "மெதுவா எறக்குங்க. பலகை பழசு."

மச்சான்மார் ஏணியைச் சாத்தினார்கள். முதலில் உருளைக்கிழங்குகள் இறங்கின. பிறகு புவனேந்திரன்.

"அடிப்பாவி, பிடிச்சுக் குடுத்திட்டியே!"

"சட்டையப் போட்டுக்கங்க. அண்ணனுங்க பிணைக்குத்தான் வந்திருக்காங்க. லோயர் கோட்டு வாசல்ல நிக்கிறாரு."

"அந்த இந்திரஜித் சிரிப்பானே!"

"சிரிக்க மாட்டாரு. பல்லுக் கட்டுறவரைக்கும் வாயத் தொறக்கிறதில்லையாம். நேத்துப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

புவனேந்திரன் பொத்தானை மாட்டியபடி பொலிஸ்காரருக்குப் பின்னால் நடந்தான். ஜீப் கிளம்பும்போது தவமணி ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது போலிருந்தது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"லொறிய சின்னண்ணன் பின்னாலேயே கொண்டாருவாரு. பிணை கெடைச்சதும் அப்புத்தளைக்குப் போய் மரக்கறி ஏத்திட்டு வந்திருங்க," என்றாள். "கோவா மட்டும் வேணாம்."