பசித்த கரி

மெசிடோரின் பாதி மஞ்சளாகிவிட்டது. லமெர்ஸியின் பாதி பச்சைப்பசேலென்று நின்றது.

இரண்டும் ஒரே வயல்தான். மோர்ன்ரூஜ் மேட்டுச் சரிவில் ஒரு துண்டு நிலம், நடுவில் ஒரு கயிறு. கயிற்றுக்கு வலப்பக்கம் மெசிடோர் கரித்தூள் போட்டு நட்ட கத்தரி. இடப்பக்கம் அவன் மனைவி லமெர்ஸி கரி போடாமல் நட்ட கத்தரி. ஒரே நாற்று, ஒரே வானம். வலப்பக்கச் செடிகள் மட்டும் காமாலை கண்டவை போல நின்றுகொண்டிருந்தன.

பக்கத்துத் தோட்டத்துத் தெலிஸ்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் மெசிடோரின் மகளுக்கு ஞானத்தகப்பன். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்ன கொம்பே, கத்தரி நட்டியா, வாழைப்பழம் நட்டியா?"

"வேர் புடிக்குது. மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

"அப்போ அந்தப் பக்கம் வேர் புடிக்கலையா?"

மெசிடோரின் கண் செடியில் இல்லை. வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த லமெர்ஸியின் சந்தைக் கூடையில் இருந்தது.

அந்தக் கூடைதான் பந்தயம்.

மோர்ன்ரூஜில் ஆண்பிள்ளைகள் தோளில் மண்வெட்டி சுமப்பார்கள், கழுதையோடு மல்லுக்கட்டுவார்கள், செத்தவனைக்கூடத் தூக்குவார்கள். தலையில் கூடை மட்டும் வைக்கமாட்டார்கள். கூடையைத் தலையில் வைத்து, கையை வீசிக்கொண்டு தோமோன்ட் சந்தைக்கு இறங்குவது பெண்களின் வேலை. ஒரு ஆண் அதைச் செய்தால் அவனுடைய பேரனுக்குப் பெண் பார்க்கும்போதும் அந்தக் கதை வரும்.

எல்லாம் விவசாயச் சங்கத்து அக்ரோனோம் வில்னெரால் வந்தது. மோட்டார்சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லிக்கொடுக்கிற நல்ல பையன். சோளத்தட்டையைப் பீப்பாயில் போட்டு, காற்றை அடக்கி எரித்து, தண்ணீர் ஊற்றி அணைத்து, தூளாக்கி மண்ணில் கலந்தால் மண் தேறிவிடும் என்று மரத்தடியில் கூட்டம் போட்டுக் காட்டினான். மெசிடோருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னான்.

"கரியை மண்ணுல போடப் போறியா? அடுப்புக்குக் கரி வாங்கியே நான் தேயுறேன்யா!"

"இது அடுப்புக் கரி இல்ல புள்ள. தட்டைக் கரி. நூறு வருஷம் மண்ணுலயே கெடக்குமாம்."

"முயலும் நூறு ஆகும்னு சொன்னே."

முயல் நூறாகத்தான் ஆயிற்று. நூறும் தெலிஸ்மாவின் பீன்ஸை ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. அதற்கப்புறம் தேனீ வளர்த்தான். ஊரில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தன்று அவை பாஸ்டரைத் தேடிப் போய்க் கொட்டின. வீங்கிய உதட்டோடு அவர் ஜெபித்ததில் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார் என்று இன்றைக்கும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"வயலைப் பாதியாப் பிரி," என்றாள் லமெர்ஸி. "உன் பாதியிலே கரியைப் போடு, கழுதையைப் போடு, நான் கேக்கலை. என் பாதியிலே நான் பாத்துக்கறேன். நீ ஜெயிச்சா வயல் முழுக்க உன் இஷ்டம். முயல் பேச்சை இந்த ஜென்மத்துல எடுக்க மாட்டேன்."

"நீ ஜெயிச்சா?"

"சனிக்கிழமை என் கூடை உன் தலையிலே. கிறிஸ்துமஸ் வரைக்கும்."

மெசிடோர் சிரித்துக்கொண்டே கையடித்துக் கொடுத்தான். முயல் பேச்சு இல்லாத ஒரு வாழ்க்கை! அதற்கு எதையும் பந்தயம் கட்டலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது மஞ்சள் செடிகளின் நடுவே நிற்கும்போது அப்படித் தோன்றவில்லை.

போனைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பலாமரத்தடிக்கு ஓடினான்.

"வெறும் கரியையா போட்டீங்க?" மறுமுனையில் வில்னெர் அலறினான். "எருவுல ஊறவெச்சுப் போடணும்னு அன்னிக்கே சொன்னேனே அண்ணே!"

"அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. பாதியிலேயே கெளம்பிட்டேன்."

"வெறும் கரி பட்டினி கெடந்தவன் மாதிரி. மண்ணுல இருக்குற சத்தையெல்லாம் அதுவே இழுத்து வெச்சுக்கும். அதுக்கு வயிறு நெறஞ்சாத்தான் செடிக்குக் குடுக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

"ஆட்டெரு போடுங்க. இல்லைன்னா மூத்திரம். ஆனா தண்ணி நெறைய—"

லைன் அறுந்துபோயிற்று.

ஆட்டுப்பட்டியைப் போய்ப் பார்த்தான். ஒரு புழுக்கை மிச்சமில்லை. நடவுக்கு முன்பே லமெர்ஸி பட்டியைத் துடைப்பம் போட்டுக் கூட்டி, அத்தனையையும் தன் பாதியில் கொட்டிவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் போனால் மூக்கு எரியும். ஆக, மிச்சமிருந்தது இரண்டாவது வழி. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பதுவரை அவனுக்குப் புரிந்துவிட்டது.

குடித்தான். காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம். குடித்த கையோடு வயலுக்கு ஓடுவான். திரும்பி வந்து மறுபடியும் குடிப்பான். ஊற்றிலிருந்து லமெர்ஸி சுமந்துவரும் தண்ணீர் அடுப்புக்குப் போவதற்குள் அவன் வயிற்றுக்குப் போயிற்று. ஆனால் ஒரு மனிதனால் எத்தனை செடியைத்தான் காப்பாற்ற முடியும்? ஒரு வரிசை முடிவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது.

லமெர்ஸி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்ளோ தண்ணி குடிக்கறே, நிமிஷத்துக்கொரு தடவை ஓடறே. உனக்குச் சக்கரை வந்திருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எங்க மாமாவும் இதைத்தான் சொன்னாரு. அடக்கம் பண்ணோம்."

அன்றிலிருந்து வேளைக்கொரு கோப்பை காட்டுப்பாகல் கஷாயம். உண்மையைச் சொன்னால் பந்தயத்தில் தோற்கிறோம் என்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே குடித்தான். நாக்கு செத்துப்போய், சோறும் பீன்ஸும் காப்பியும் எல்லாமே பாகற்காயாகத்தான் இறங்கின. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "பாவம், நல்ல மனுஷனா இருந்தாரு," என்று இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

தனி மனித முயற்சியால் ஆகாது என்பது தெளிவாயிற்று. ஊரே சேர்ந்து கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் கூட்டம் கூடுகிற இடம் இரண்டு. ஒன்று பாஸ்டரின் சபை, இன்னொன்று சேவல் சண்டைக் களம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாழ்நிலம். விடிந்ததும் மெசிடோர் நீலப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தி, மூன்று பக்கமும் தென்னந்தட்டி மறைப்புக் கட்டினான்.

சேவல் களத்திலிருந்து சரக்கு இறங்கிய வேகத்தில் ஆட்கள் வந்தார்கள். சபையிலிருந்து பிரசங்கம் நீண்ட வேகத்தில் வந்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பீப்பாயின் முன்னால் சமாதானமாக நின்றதை மோர்ன்ரூஜ் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் பாஸ்டரே வந்தார். எட்டிப் பார்த்தார்.

"இது என்ன மெசிடோர்?"

"மண்ணுக்கு, பாஸ்டர். ஊர் ஜனங்க மனசாரக் குடுக்கறது."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "என் காணிக்கைப் பெட்டி ஒரு நாளும் இப்படி நெறஞ்சதில்லையேப்பா," என்று சொல்லிவிட்டு, தன் பங்கையும் செலுத்திவிட்டுத்தான் போனார்.

கழுதை மேல் ஏற்றி, வழியெல்லாம் தன் மேலும் கழுதை மேலும் சிந்திக்கொண்டு, மெசிடோர் அதை வயலுக்குக் கொண்டுசேர்த்தான். ஒவ்வொரு செடிக்கும் தாராளமாக ஊற்றினான். கஞ்சத்தனம் அவன் குணத்திலேயே கிடையாது.

இரண்டே நாளில் மஞ்சள் போயிற்று. இலை விளிம்பெல்லாம் கருகிப் பழுப்பாயிற்று.

மறுபடியும் பலாமரத்தடி.

"தண்ணி பத்துப் பங்கு கலந்துதானே ஊத்துனீங்க?" என்றான் வில்னெர்.

மெசிடோர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"தண்ணியை நான் குடிச்சேன்," என்றான்.

மறுமுனையிலிருந்து, "அண்ணே, அறுவடைக்குத் தராசோட வர்றேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு எதுவும் செய்யாதீங்க," என்று குரல் வந்தது.

எதுவும் செய்யாமல் இருப்பது மெசிடோருக்குத் தெரியாத ஒரே தொழில். அவன் உட்கார்ந்து யோசித்தான். தன் பாதியை இனித் தூக்கி நிறுத்த முடியாது. சரி. அடுத்த பாதியைக் கீழே இறக்கினால்? வெறும் கரி பட்டினிக்காரன் என்று வில்னெர்தானே சொன்னான்? அந்தப் பட்டினிக்காரனை லமெர்ஸியின் பந்தியில் உட்கார வைத்துவிட்டால் அங்கேயும் மஞ்சள் தட்டிவிடும். இரண்டு பக்கமும் தோற்றால் பந்தயமே இல்லை. கூடை ஆணியிலேயே தொங்கும்.

வெட்கமாகத்தான் இருந்தது. கட்டிய மனைவியின் செடிக்குத் துரோகம். ஆனால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சேவல் களத்தைக் கடந்து போவதை நினைத்ததும் வெட்கம் இன்னொரு பக்கம் சாய்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை லமெர்ஸி கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"நான் வர சாயங்காலம் ஆகும். மெதுவாத்தான் வருவேன்," என்றாள். இரண்டடி நடந்து திரும்பினாள். "அந்த மிச்சக் கரி மூட்டை தாழ்வாரத்துல அடைச்சுக்கிட்டு நிக்குது. மழை வரப்போகுது. எங்கேயாவது கொண்டுபோய்ப் போடேன்யா."

"பாக்கறேன், பாக்கறேன்."

கூடை திருப்பத்தில் மறைந்ததுதான் தாமதம். மெசிடோர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டினான். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கரித்தூளைக் கொட்டி, எருவோடு சேர்த்துக் கிளறி, மேலே மண் தள்ளித் தட்டிவிட்டான். தன் பாதியில்கூட அவன் இவ்வளவு பக்குவமாக வேலை செய்ததில்லை.

"கொம்பே!" வேலிக்கு மேல் தெலிஸ்மாவின் தலை. "அது உன் பொண்டாட்டி பக்கமில்ல?"

"களை எடுக்கறேன். பாவம், ஒத்தைப் பொம்பளை."

"மூஞ்சியெல்லாம் கரியா இருக்கே?"

"வெயில்!" என்றான் மெசிடோர்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடவில்லை. மேட்டு மண்ணெல்லாம் சிவப்பாகக் கரைந்து ஓடையில் இறங்கியது. தெலிஸ்மா போட்ட எரு முழுக்க அடித்துக்கொண்டுபோய், கீழே யாரோ ஒருவருடைய வாழைக்குச் சேர்ந்தது. லமெர்ஸியின் எருவும் போய்விடும் என்று மெசிடோர் உள்ளுக்குள் குதூகலமாகக் காத்திருந்தான்.

மழை விட்டு வெயில் வந்தபோது லமெர்ஸியின் செடிகள் இடுப்புயரம் நின்றன. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ, பிஞ்சு, காய் என்று கிளை தாங்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம், பாகல் கஷாயம் குடித்த முகத்தோடு மெசிடோரின் செடிகள் ஆளுக்கொரு காயைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அறுவடையன்று வாசலில் குரல் கேட்டது.

"மானம்!"

வீடு தேடி வருகிறவர் அப்படிக் கூப்பிடுவதும், வீட்டுக்காரர் "மரியாதை!" என்று பதில் கொடுப்பதும் ஊர் வழக்கம். தராசோடு வில்னெர் நின்றிருந்தான். மெசிடோர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து லமெர்ஸிதான், "மரியாதை! உள்ள வாங்க அக்ரோனோம்!" என்றாள். அவளிடம் அது தாராளமாக இருந்தது.

ஊரே வேலியோரம் கூடிவிட்டது. லமெர்ஸியின் பாதியை நிறுத்து முடிக்கக் கூடைகள் போதாமல் தெலிஸ்மா வீட்டிலிருந்தும் வாங்கிவந்தார்கள். மெசிடோரின் பாதி அவன் தொப்பியில் அடங்கிற்று.

அதற்கப்புறம்தான் அவன் உயிரே போயிற்று. வில்னெர் லமெர்ஸியின் பக்கம் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான். கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் நசுக்கினான். நிமிர்ந்து லமெர்ஸியைப் பார்த்தான். அவள் முந்தானைத் துணியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்தான். ஒன்றும் சொல்லாமல் மண்ணைக் கீழே உதறினான்.

தப்பித்தோம் என்று மெசிடோர் மூச்சு விட்டான். தோற்றது தோற்றதாக இருக்கட்டும். கள்ளத்தனமாவது யாருக்கும் தெரியாமல் போயிற்றே!

சனிக்கிழமை விடிந்தது. துணியைச் சுருட்டி அவன் தலையில் சும்மாடாக வைத்து, கத்தரிக்காய்க் கூடையை லமெர்ஸியே தூக்கி ஏற்றினாள்.

"கழுத்தை நேரா வெய்யி. கீழ பாக்காதே. பாத்தா விழும்."

கீழே பார்க்காததால் ஊரையே பார்க்க வேண்டியதாயிற்று. சேவல் களத்தில் அன்றைக்கென்றே கூடி நின்று கைதட்டினார்கள். சபை வாசலில் பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதித்தார். "இடுப்பை ஆட்டி நடடீ!" என்று தெலிஸ்மா கத்தினான். எதிரே வந்த பெண்கள் நின்று, விலை கேட்பது போல அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். சரிவில் இறங்க இறங்கக் கூடை கனத்தது.

"கரியும் வேணாம், அந்த வில்னெர் பேச்சும் வேணாம்," என்று மெசிடோர் முனகினான். "ஏமாத்து வேலை."

லமெர்ஸி முன்னால் கையை வீசிக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி நடந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சந்தோஷமாக நடந்து அவன் பார்த்ததில்லை. அதைப் பார்க்க, சொல்லக்கூடாது, அவனுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்னால் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. வில்னெர் அருகில் வந்து நிறுத்தினான். மெசிடோரின் தலைக்கு மேல் வழிந்த கத்தரிக்காய்களைப் பார்த்துக் கண் கலங்கிப்போனான்.

"அக்கா," என்றான் லமெர்ஸியிடம், "நடவுக்கு முன்னாடியே, 'எருவை நான் போட்டு வெச்சுடறேன், நான் சந்தைக்குப் போற ஏதாவதொரு சனிக்கிழமை எம்புருஷனே கரியைக் கொண்டாந்து கலந்து வெச்சுடுவாரு'ன்னு சொன்னீங்களே, அப்போ நான் நம்பலை. இப்ப கூடையும் சொமக்கறாரு பாருங்க, அண்ணன் தங்கமான மனுஷன்!"