மேசையோடு எழுந்த ஸ்டூல்

கூச்ச சுபாவக்காரர்களால் யாருக்கும் தொல்லை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் நாங்கள் செய்துவைக்கும் சேதத்தை அவர்கள் பார்த்ததில்லை.

மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஆட்கள் ஐந்து பேர். சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி நான்கு. ஐந்தாவது ஆள் நான். பல வருடங்களாகத் தட்டைக் கையில் ஏந்தி அடுப்போரம் நின்றே சாப்பிட்டேன். ("இன்னொரு நாற்காலி போட இடம் எங்க இருக்கு?" என்பார் என் வீட்டுக்காரர், தோசையை விண்டபடி.) அதனால்தான் கீழ்த்தளப் பொது மண்டபத்தில் இலவசத் தச்சு வகுப்பு என்றதும் போய்ச் சேர்ந்தேன்.

ஜொகூர் பாருவிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தவள் ஜூலியானா என்ற இளம்பெண். சரக்கு அடுக்கித் தூக்கிப் போட்ட பழைய பலகைகளில் செய்யும்படி ஒரு ஸ்டூலை அவளே வரைந்திருந்தாள். அதைச் செய்து முடிப்பதற்குள் அளக்க, அறுக்க, இழைக்க, துளைபோட, முடுக்க எல்லாமே கைக்கு வந்துவிடும்.

கடைசி வகுப்பில், ஸ்டூலை மடக்கு மேசைமேல் கவிழ்த்துவைத்து, குறுக்குச் சட்டத்தை உட்காரும் பலகையோடு முடுக்க வேண்டும். எந்தத் திருகாணி என்று ஜூலியானா சொன்னபோது நான் மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே! (பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டும் வகுப்பறைப் பயம் என்னை விடவில்லை.) பெட்டியில் இருந்ததிலேயே நீளமானதை எடுத்தேன். நீளமானது கெட்டியாகப் பிடிக்கும் அல்லவா?

பிடித்தது.

சாயங்காலம் குடும்பங்கள் வந்தன. மண்டபத் தலைவரும் வெள்ளைக் காலணியோடு வந்து நின்றார். ஒவ்வொருவராகத் தங்கள் ஸ்டூலைத் தூக்கிக் காட்டினார்கள். என் முறை வந்தது.

"அண்ணி, நல்லா மேல தூக்குங்க, வீடியோ எடுக்கறேன்!" என்றாள் நாத்தனார் மாலா.

கவிழ்ந்திருந்த ஸ்டூலின் இரண்டு கால்களைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தேன். வந்தது, மேசையோடு. மேசையின் மறுமுனையில் இருந்த தேநீர் ஜாடியும் கறிபாப் பலகாரத் தட்டும் சறுக்கிப் போய்த் தலைவரின் காலணிமேல் கவிழ்ந்தன.

"அலமாக்! அண்ணி மேசையே செஞ்சிட்டாங்க!" என்று அலறினாள் மாலா.

தலைவர் காலை உதறினார். "நாளைக்கு இந்த மேசையில கல்யாணப் பந்தி லா! அந்த ஸ்டூல உடைச்சு எடுங்க."

"உடைச்சிரலாம் தலைவரே," என்று என் வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்தார். "கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்." (திடீரென்று வீட்டில் இடம் வந்துவிட்டது!)

"தொடாதீங்க!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"மாட்டினது நானு. கழட்டறதும் நான்தான். யாரும் கை வைக்கக் கூடாது."

உட்காரும் பலகையைத் தாண்டி மேசைக்குள்ளும் இறங்கும்படி அழுத்தி முடுக்கியதில் திருகாணிகளின் தலை மழுங்கியிருந்தது; திருப்புளி வழுக்கியது. தேநீர்ப் பொட்டலத்து ரப்பர் பேண்டை ஜூலியானா நீட்டினாள்.

"தலைமேல இத வச்சு அமுக்கித் திருப்புங்கக்கா. நான் தொடவே மாட்டேன்."

ஊரே வேடிக்கை பார்க்க, வியர்வை மூக்கில் சொட்ட, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மேசை ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன், காய்ந்தபின் தேய்த்தேன். தலைவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"ம்... பந்தி போடலாம்."

காலணிக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

குட்டைத் திருகாணிகள் போட்டு, ஸ்டூலை வீட்டுக்குத் தூக்கிவந்து மேசையோரம் வைத்தேன். என் வீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மாலாவின் வீடியோ சிகாமட் சொந்தங்கள்வரை போய்விட்டது. இன்றும் எந்த விசேஷத்தில் நான் பந்தியிலிருந்து எழுந்தாலும் யாராவது கத்துகிறார்கள்: "எல்லாரும் எலையப் பிடிச்சுக்குங்க, அண்ணி எந்திரிக்கிறாங்க!"

சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் உட்கார்ந்துகொண்டே கேட்கிறேன்.